மூணாறு ஓடைகளில் ட்ரவுட்: ஃப்ளை தூண்டில் தொடங்குபவர்களுக்கு

வைகை அணையிலும் கம்பம் பக்கத்துக் கண்மாய்களிலும் மண்புழு கோத்து, தக்கை மிதக்கவிட்டு மீன் பிடித்துப் பழகியவர்களை ஃப்ளை தூண்டில் முதலில் கொஞ்சம் திணறடிக்கும். வழக்கமான தூண்டிலில் எடை நுனியில் இருக்கும். ஈயக் குண்டை வீசினால் தங்கூஸ் என்ற நைலான் நூல் அதன் பின்னாலேயே போய்விடும். ஃப்ளை தூண்டிலின் நுனியில் இருப்பது முள்ளில் இறகும் நூலும் சுற்றிக் கட்டிய பொய்ப்பூச்சி. ஊதினால் பறந்துவிடும், அதை எப்படி வீசுவது? அதனால் இங்கே வீசுவது லைனை. பிளாஸ்டிக் பூச்சு போட்ட அந்தத் தடித்த லைனில்தான் எடை இருக்கிறது. பூச்சி அதன் வாலைப் பிடித்துக்கொண்டு போய் விழுகிறது. தூண்டில் கம்பான ராடு ஏன் அப்படி வளைகிறது, அதைப் பின்னால் கொண்டுபோன பிறகு ஏன் ஒரு கணம் நிறுத்த வேண்டும், லைனுக்கும் பூச்சிக்கும் நடுவில் கட்டும் லீடர் ஏன் போகப்போக மெலிகிறது என்பதெல்லாம் இதிலிருந்தே வருகிறது.

இன்னொன்றையும் ஆரம்பத்திலேயே சொல்லிவிடலாம். மூணாறைச் சுற்றி ட்ரவுட் மீன் இருக்கும் தண்ணீர் பெரும்பாலும் சின்ன ஓடைகள்தான். வீடியோக்களில் பார்க்கும் 60 அடி வீச்சு இங்கே வேண்டாம். 20 முதல் 30 அடி ஒழுங்காக வீசத் தெரிந்து, மீனுக்குத் தெரியாமல் இன்னும் 10 அடி கிட்டே போகவும் தெரிந்தால் மீன் கிடைக்கும். புதியவர்கள் கையைப் பழக்குகிறார்கள், காலைப் பழக்குவதில்லை.

எந்தத் தண்ணீர், யாரிடம் கேட்பது

இங்கே கிடைப்பது ரெயின்போ ட்ரவுட். பக்கவாட்டில் தலை முதல் வால் வரை இளஞ்சிவப்புப் பட்டை ஓடும். உடம்பிலும் வாலிலும் கறுப்புப் புள்ளிகள் இருக்கும். சொந்த ஊர் வட அமெரிக்காவின் பசிபிக் கரையோரம். தேயிலைத் தோட்டத் துரைமார் காலத்தில் நம் மலைகளுக்கு வந்த மீன் இது. ராஜமலையில் குஞ்சு பொரிப்பகம் வைத்து வளர்த்திருக்கிறார்கள். நீலகிரிக்கு அவலாஞ்சி எப்படியோ, மூணாறுக்கு ராஜமலை அப்படி.

ட்ரவுட்டுக்குக் குளிர்ந்த தண்ணீர் வேண்டும். 10 முதல் 18 டிகிரி செல்சியஸ் அதற்குச் சுகம். 20-ஐத் தாண்டினால் தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறைந்துவிடும். அப்போது தூண்டிலில் போராடிக் களைத்த மீனை விட்டாலும் பிழைப்பது சந்தேகம். மூணாறு டவுன் சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதற்கும் மேலே, புல்வெளிகளிலிருந்தும் சோலைக் காடுகளிலிருந்தும் இறங்கிவரும் ஓடைகளில்தான் தேட வேண்டும். போடிமெட்டு ஏறியதும் பூப்பாறைப் பக்கம் முதலில் கண்ணில் படும் ஓடையிலேயே ட்ரவுட் இருக்கும் என்று வண்டியை நிறுத்த வேண்டாம். சின்னத் தெர்மாமீட்டர் ஒன்றை நூலில் கட்டிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். 20-க்கு மேல் காட்டினால் அன்றைக்குத் தூண்டிலைச் சுருட்டிவிடலாம்.

அனுமதி இல்லாமல் எங்கும் இறங்காதீர்கள். தண்ணீர் அரசாங்கத்துடையதுதானே என்ற வாதம் இங்கே எடுபடாது. ராஜமலை இருக்கும் இரவிகுளம் 1978-இல் தேசியப் பூங்காவானது. அதற்குள் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பொருந்தும். வனத்துறை எழுத்தில் கொடுக்காத அனுமதி அனுமதியே இல்லை. எஸ்டேட்டுக்குள் ஓடும் தண்ணீருக்குத் தேயிலைக் கம்பெனியைக் கேட்க வேண்டும், அணைகளுக்கு மின்வாரியத்தை. சீட்டு கிடைத்தால் எந்தப் பகுதி, எத்தனை மீன், எந்த அளவு, எந்த வகைத் தூண்டில் என்று எழுதியிருப்பதை முழுதாக வாசித்துவிட்டு, பிளாஸ்டிக் உறையில் போட்டு உடம்போடு வைத்துக்கொள்ளுங்கள். வாட்சர் வந்து கேட்கும்போது காரில் இருக்கிறது என்று சொல்லிப் பயனில்லை. வரையாடு குட்டி போடும் பருவத்தில், வழக்கமாகப் பிப்ரவரி, மார்ச் மாதங்களில், ராஜமலையை மூடிவிடுவார்கள். தேதியைக் கேட்டுக்கொண்டு மலை ஏறுங்கள்.

பருவம் என்று பார்த்தால் ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்கு மழை. தண்ணீர் கலங்கி வேகமாக ஓடும், அட்டையும் அதிகம். ஐப்பசி, கார்த்திகையில் மதியத்துக்கு மேல் இடி இடிக்கும். டிசம்பரிலிருந்து தண்ணீர் தெளியும், அதோடு மீனின் கண்ணும் தெளியும். ஆனால் குளிர்காலம் ரெயின்போ முட்டையிடும் காலமும்கூட. ஓடையின் அடியில் ஓரிடத்தில் மட்டும் சரளைக்கல் பாசி இல்லாமல், கழுவிவிட்டதுபோல் வெளுத்துக் கிடந்தால் அது முட்டைப் படுக்கை. அதில் கால் வைக்கவும் கூடாது, அதன் மேல் நிற்கும் மீனுக்குத் தூண்டில் போடவும் கூடாது. ஏப்ரல், மே மாதங்களில் தண்ணீர் குறைந்து வெயில் ஏறிவிடும். விடிந்ததிலிருந்து ஒன்பது மணி வரைதான் வேலை.

என்ன வாங்குவது

ராட்டின் கைப்பிடிக்கு மேலே ஒரு எண் எழுதியிருக்கும். அது எந்த எடை லைனுக்கான ராடு என்பதைச் சொல்கிறது. லைனின் முதல் 30 அடி எத்தனை கனம் என்பதே அந்தக் கணக்கு. 5-ஆம் எண் லைனில் அந்த 30 அடி ஏறக்குறைய 9 கிராம் வரும். ராடும் லைனும் ஒரே எண்ணாக இருக்க வேண்டும். 4-ஆம் எண் லைனை 6-ஆம் எண் ராட்டில் போட்டால் ராடு வளையவே வளையாது, கைதான் வலிக்கும்.

ஓடையும் ஏரியும் இரண்டும் வேண்டுமென்றால் 9 அடி, 5-ஆம் எண் ராடு எங்கேயும் கிடைக்கும். ஓடைக்கு மட்டும் என்றால் 7½ அல்லது 8 அடி, 4-ஆம் எண் போதும். சோலை மரங்கள் தண்ணீர் மேல் கவிந்திருக்கும் இடத்தில் ஒன்பதடி ராடு ஓயாமல் கிளையில் மாட்டும். அதிவேக ராடு என்று விற்பதைத் தொடக்கத்தில் தவிர்த்துவிடுங்கள். நடுப்பகுதி வரை வளையும் நிதானமான ராடு தவறைப் பொறுத்துக்கொள்ளும், லைனின் எடையையும் கைக்குத் தெரியவைக்கும்.

பணத்தை எதில் போடுவது என்று கேட்டால், முதலில் லைன், அப்புறம் ராடு, கடைசியில் ரீல். இந்த அளவு மீனுக்கு ரீல் என்பது லைனைச் சுற்றி வைக்கும் சக்கரம், அவ்வளவுதான். லைன் பெட்டியில் டபிள்யூ-எஃப்-5-எஃப் என்று போட்டிருந்தால் முன்பகுதி கனமானது, 5-ஆம் எண், மிதக்கும் ரகம் என்று பொருள். மூழ்கும் லைன் இப்போதைக்குத் தேவையில்லை.

லைனுக்கும் பூச்சிக்கும் நடுவில் வருவது லீடர். ஒரு முனை தடிமனாகவும் மறுமுனை மயிர்போலவும் இருக்கும் தங்கூஸ் அது. ஓடைக்கு 7½ அடி, ஏரிக்கு 9 அடி. நுனியின் பருமனை எக்ஸ் கணக்கில் சொல்வார்கள். 11-இலிருந்து எக்ஸ் எண்ணைக் கழித்தால் அங்குலத்தில் ஆயிரத்தில் எத்தனை பங்கு என்று வரும். 5-எக்ஸ் என்றால் ஆயிரத்தில் 6 பங்கு, அதாவது சுமார் 0.15 மில்லிமீட்டர். 4-எக்ஸ் 0.18. பூச்சி மாற்றும்போதெல்லாம் நுனி குறைந்துகொண்டே போகும் என்பதால் அதில் ஒட்டிக் கட்ட டிப்பெட் என்று தனிச் சுருள் விற்கிறார்கள். போடியிலோ தேனியிலோ தூண்டில் சாமான் கடையில் நல்ல 0.16 தங்கூஸ் கிடைத்தால் அதுவே போதும். லீடரை மட்டும் வாங்கித்தான் ஆக வேண்டும். ஒரே பருமன் உள்ள தங்கூஸை ஒன்பதடிக்கு நேராக லைனில் கட்டினால் லைனின் வேகம் பூச்சி வரை போய்ச் சேராது. எல்லாம் கடைசியில் ஒரு குவியலாக விழும்.

பூச்சிகளின் எண் தலைகீழ்: எண் கூடக்கூட முள் சிறுக்கும். பெட்டி நிறைய வாங்க வேண்டாம். மிதக்கும் ரகத்தில் ஆடம்ஸ் 14, எல்க் ஹேர் கேடிஸ் 14, கறுப்பு எறும்பு 16. மூழ்கும் ரகத்தில் தலையில் பித்தளை மணி வைத்த ஃபெசன்ட் டெயில் 14-உம் 16-உம், ஹேர்ஸ் இயர் 14. ஏரிக்குக் கறுப்பு அல்லது பச்சை வூலி பக்கர் 10. ஒவ்வொன்றிலும் மூன்று இருந்தால் போதும். இரண்டு மரத்தில் போய்விடும், அதற்குக் கணக்கு வைத்தே வாங்க வேண்டும்.

இவற்றோடு வாய் நீண்ட சின்னக் குறடு, நகவெட்டி, ரப்பர் வலை போட்ட கைவலை, தொப்பி, கண்ணாடி. கண்ணாடி கட்டாயம். வீசும்போது முள் தலைக்குப் பின்னாலிருந்து வருகிறது. போலரைஸ்டு கண்ணாடியாக இருந்தால் தண்ணீரின் மினுமினுப்பு போய் அடியில் நிற்கும் மீனும் தெரியும்.

கட்டுவது

ரீலில் முதலில் 50 கஜம் பேக்கிங் நூல் சுற்ற வேண்டும். அதன் மேல்தான் லைன் வரும். முன்பகுதி கனமான லைனில் எந்த முனை ரீலுக்குப் போக வேண்டும் என்று சீட்டு ஒட்டியிருப்பார்கள். அதைப் பார்க்காமல் மாற்றிச் சுற்றினால் கனமான பாகம் ரீலுக்குள் மாட்டிக்கொள்ளும். வீசவே வராது, ஏன் என்றும் தெரியாது. புதிதாக வாங்கியவர்கள் ராட்டின் மேல் பழி போடும் வழக்கு பலவும் இந்த இடத்தில் முடிந்துவிடும்.

ராட்டின் வளையங்களில் லைனைக் கோக்கும்போது லீடரின் மெல்லிய நுனியைப் பிடித்துக் கோக்க வேண்டாம். கை நழுவினால் எல்லாம் சறுக்கிக் கீழே வந்துவிடும். தடித்த லைனையே மடித்து, மடிப்பை வளையத்துக்குள் தள்ளுங்கள். நழுவினாலும் மடிப்பு விரிந்து அடுத்த வளையத்தில் நின்றுகொள்ளும். கோத்து முடித்ததும் ஒரு வளையம்கூட விட்டுப்போகவில்லையா என்று கீழிருந்து மேலே பார்த்துவிடுங்கள்.

முடிச்சு இரண்டு தெரிந்தால் ஒரு வருஷம் ஓட்டலாம். பூச்சியைக் கட்டுவதற்கு: டிப்பெட் நுனியை முள்ளின் காதுக்குள் விட்டு ஐந்து அங்குலம் வெளியே இழுத்துக்கொள்ளுங்கள். அந்த வாலை மேலே போகும் நூலைச் சுற்றி ஐந்து முறை முறுக்குங்கள். இப்போது முள்ளின் காதுக்கு ஒட்டினாற்போல் சின்னக் கண் ஒன்று திறந்திருக்கும். வாலை அதற்குள் விடுங்கள். விட்டதும் புதிதாக ஒரு பெரிய வளையம் உண்டாகும், வாலை அதற்குள்ளும் விடுங்கள். இறுக்குவதற்கு முன் முடிச்சை எச்சிலில் நனைக்க வேண்டும். இதை விட்டுவிடுபவர்கள்தான் அதிகம். உலர்ந்த தங்கூஸ் உரசும்போது சூடேறிச் சுருண்டு, பாதி வலு போய்விடும். நனைத்தபின் மேல்நூலை மெதுவாக இழுத்தால் ஐந்து சுற்றும் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் வரிசையாக உட்காரும். ஏறி உட்கார்ந்தால் அறுத்துவிட்டு மறுபடி கட்டுங்கள். வாலை இரண்டு மில்லிமீட்டர் விட்டு வெட்டலாம்.

லீடரோடு டிப்பெட்டைச் சேர்க்க: இரண்டு நுனிகளையும் ஆறு அங்குலத்துக்கு ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்க வைத்து, இரண்டையும் ஒரே நூலாகப் பாவித்து ஒரு வளையம் போடுங்கள். வளையத்துக்குள் இரண்டையும் சேர்த்து இரண்டு தடவை விட்டு எடுத்து, நனைத்து, நான்கு முனைகளையும் ஒரே நேரத்தில் இழுங்கள். அவ்வளவுதான்.

முள்ளில் நுனிக்குப் பின்னால் இருக்கும் எதிர்ப்பல்லைக் குறடால் அழுத்தி மட்டமாக்கிவிடுங்கள். லைன் தளராமல் பார்த்துக்கொண்டால் மீன் தப்பாது. மீனை விடுவிப்பதும் எளிது, உங்கள் காதில் குத்தினால் எடுப்பதும் எளிது.

வீசிப் பழகுவது

தண்ணீருக்குப் போகுமுன் ஒரு பத்து நாள் புல்தரையில் பழகுங்கள். பள்ளி மைதானம், கோயில் திடல், எஸ்டேட் விளையாட்டு மைதானம் எதுவும் ஆகும். தார் ரோடும் சிமென்ட் தரையும் வேண்டாம், லைனின் பூச்சு உரிந்துவிடும். பூச்சிக்குப் பதிலாகச் சிவப்புக் கம்பளி நூல் ஒரு துண்டு கட்டுங்கள். ஒரு நாளைக்குக் கால் மணி நேரம் போதும். கை களைத்த பிறகு பழகுவது தவறைத்தான் பழக்கும்.

ராட்டுக்கு வெளியே 20 அடி லைனை உங்களுக்கு முன்னால் நேராகக் கிடத்துங்கள். கார்க் பிடியைக் கட்டைவிரல் மேலே இருக்கும்படி பிடியுங்கள். ரீலிலிருந்து வரும் லைனை ஆள்காட்டி விரலால் பிடியோடு அழுத்திக்கொள்ளுங்கள். தலைக்கு நேர் மேலே பன்னிரண்டு மணி என்று வைத்தால், முன்பக்கம் பத்து, பின்பக்கம் ஒன்று.

ராடு நுனி தரையைத் தொடும் அளவு தாழ்ந்திருக்க வேண்டும், லைனில் தொய்வு இருக்கக் கூடாது. முன்கையால் மெதுவாகத் தூக்கத் தொடங்கி, வேகத்தைக் கூட்டிக்கொண்டே போய், ஒரு மணியில் சட்டென்று நிறுத்துங்கள். நிறுத்தும்போதுதான் வளைந்த ராடு நிமிர்ந்து லைனைப் பின்னால் எறிகிறது. இப்போது காத்திருக்க வேண்டும். லைன் பின்னால் முழுதாக நீளும் வரை கையை அசைக்காதீர்கள். தலையைத் திருப்பிப் பார்ப்பதில் வெட்கமில்லை, ஆரம்பத்தில் பார்த்தே ஆக வேண்டும். நீண்டதும் அதேபோல் முன்னால், மெதுவாகத் தொடங்கி வேகம் கூட்டி, பத்து மணியில் நிறுத்துங்கள். லைன் விரியும், அதோடு ராடு நுனியையும் தாழ்த்துங்கள்.

எங்கே பிழைக்கிறது என்பதைக் காதும் கண்ணும் சொல்லும். பின்னால் சாட்டை சொடுக்குவதுபோல் சத்தம் கேட்டால் காத்திருக்கவில்லை என்று அர்த்தம். தண்ணீரில் இப்படிச் செய்தால் பூச்சி அறுந்து பறந்துவிடும், நீங்கள் வெறும் லீடரோடு அரை மணி நேரம் மீன் பிடித்துக்கொண்டிருப்பீர்கள். லைன் முன்னால் குவியலாக விழுந்தால், மணிக்கட்டு மடங்கி ராடு பின்னால் மூன்று மணி வரை சாய்ந்திருக்கும். சட்டைக் கை பட்டனுக்குள் ராட்டின் அடிக்கட்டையைச் செருகிக்கொண்டு நாலு நாள் பழகினால் மணிக்கட்டு அடங்கும். லீடரில் தானாக முடிச்சு விழுந்துகொண்டே இருந்தால் முன்வீச்சின் தொடக்கத்திலேயே மொத்த பலத்தையும் கொடுத்துவிடுகிறீர்கள். காற்றைக் குறை சொல்ல வேண்டாம். அந்த முடிச்சு லீடரின் வலுவைப் பாதியாக்கும், பார்த்ததும் வெட்டி எறியுங்கள்.

மேல்வீச்சை விட இந்த ஓடைகளில் அதிகம் உதவுவது உருட்டு வீச்சு. பின்னால் மரமோ தேயிலைச் செடியோ இருக்கும்போது லைனைப் பின்னால் விடவே முடியாது. முன்னால் தண்ணீரில் கிடக்கும் லைனை, ராடு நுனியை மெதுவாகப் பின்னால் கொண்டுவந்து இழுங்கள். ராடு ஒரு மணியில் நிற்கட்டும். லைன் உங்கள் தோளுக்குச் சற்றுப் பின்னால் தொங்கும், மறுமுனை தண்ணீரிலேயே இருக்கும். அங்கே ஒரு கணம் முழுதாக நிறுத்திவிட்டு, முன்வீச்சைப் போலவே வேகம் கூட்டிப் பத்து மணியில் நிறுத்துங்கள். லைன் சக்கரமாக உருண்டு முன்னால் விரியும். இதைப் புல்லில் பழக முடியாது. லைன் முனையைத் தண்ணீர் பிடித்துவைத்திருந்தால்தான் ராடு வளையும். குளமோ கண்மாயோ இருந்தால் அங்கே போங்கள்.

ஓடையில்

கரைக்குப் போனதும் ராட்டைக் கீழே வைத்துவிட்டு, சலசலத்து ஓடும் ஆழமில்லாத இடத்தில் உள்ளங்கை அளவுக் கல் ஒன்றைத் தூக்கிப் புரட்டிப் பாருங்கள். தட்டையான உடம்பும் மூன்று மெல்லிய வாலுமாகக் கல்லோடு ஒட்டி ஓடும் பூச்சி இருந்தால் அது மேஃப்ளையின் இளம்பூச்சி. ஃபெசன்ட் டெயில் அதற்காகக் கட்டியதுதான். மணலையும் குச்சியையும் ஒட்டிக் கட்டிய சின்னக் குழாய்கள் இருந்தால் அது கேடிஸ் பூச்சியின் புழுக் கூடு. கல்லை எடுத்த இடத்திலேயே வையுங்கள். மழை விட்ட மாலையில் சிறகு முளைத்த எறும்பு பறந்தால் வேறு யோசனையே வேண்டாம், கறுப்பு எறும்பைக் கட்டுங்கள். எதுவும் தெரியவில்லை என்றால் மணி வைத்த ஃபெசன்ட் டெயில்.

ட்ரவுட் எப்போதும் ஓட்டத்தை எதிர்த்து நிற்கும். இரை ஓட்டத்தில் வரும், மீன் உட்கார்ந்த இடத்தில் வாயைத் திறக்கும். வேகமான ஓட்டத்தில் நின்றால் சக்தி வீண், அசையாத தண்ணீரில் நின்றால் இரை வராது. ஆகவே இரண்டும் சந்திக்கும் கோட்டில் நிற்கும். நுரை எந்தக் கோட்டில் வரிசையாகப் போகிறதோ அதே கோட்டில்தான் பூச்சியும் போகும். பாறைக்கு முன்னால் ஒரு சின்ன மெத்தைபோல் தண்ணீர் தணிந்திருக்கும் இடம், பாறைக்குப் பின்னால் இரு ஓட்டங்களும் மறுபடி சேரும் இடம், அருவி விழும் மடுவின் தலைப்பகுதி, அது மெலிந்து வழியும் வால், கரை குடைந்த நிழல் ஆகிய இடங்களை இந்த வரிசையில் அல்ல, உங்களுக்குக் கிட்டே இருப்பதிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். தூரத்து நல்ல இடத்துக்கு முதலிலேயே வீசினால் லைன் பக்கத்து மீனின் தலைக்கு மேல் விழும். அது மேலே ஓடும்போது தூரத்து மீனையும் கலைத்துவிடும்.

மீன் தண்ணீர் வரும் திசையைப் பார்த்து நிற்பதால் நீங்கள் ஓட்டத்துக்கு எதிராக, கீழிருந்து மேலாக, அதன் வால் பக்கமாக வர வேண்டும். குனிந்து வாருங்கள், முட்டி போட்டாலும் தவறில்லை. உயரமாக நிற்பவன் முதலில் தெரிவான், தாழ்ந்திருப்பவன் கிட்டே வரும்வரை தெரியமாட்டான். பளிச்சென்ற சட்டை வேண்டாம். நிழல் தண்ணீரில் விழாத பக்கம் வாருங்கள். கல்லை உருட்டாதீர்கள். பேச்சுச் சத்தத்தைவிட காலடி அதிர்வு தண்ணீருக்குள் நன்றாகப் போகும். கரையிலிருந்தே எட்டுமென்றால் தண்ணீரில் இறங்கவே வேண்டாம்.

இனி பூச்சியை நுரைக் கோட்டில், மீன் நிற்கும் இடத்துக்கு மூன்று நான்கு அடி மேலே போடுங்கள். அது தண்ணீரின் வேகத்திலேயே, ஒட்டாத ஒரு இலைபோல் வர வேண்டும். நடு ஓட்டம் வேகமாக இருந்தால் லைனின் வயிறு முன்னால் போய்ப் பூச்சியைத் தரதரவென்று இழுக்கும். பூச்சிக்குப் பின்னால் வி வடிவத்தில் சின்னக் கோடு கிழிவது தெரியும். நிஜப் பூச்சி அப்படி ஓடாது என்று மீனுக்குத் தெரியும். லைன் விழுந்தவுடனே ராடு நுனியால் ஓர் அரைவட்டம் போட்டு லைனின் வயிற்றை மேல்நோக்கித் திருப்பிவிடுங்கள். அதைவிட நல்லது, கிட்டே போய் ராட்டை உயர்த்திப் பிடித்து, லைனைத் தண்ணீரிலேயே படவிடாமல் லீடரை மட்டும் மிதக்கவிடுவது. பத்தடி கிட்டே போகத் தெரிந்தவருக்கு இந்தச் சிக்கலே பாதி வராது. பூச்சி கீழே வர வர, இடது கையால் தொய்வை இழுத்துக்கொண்டே இருங்கள்.

மூழ்கும் பூச்சிக்கு லீடரில் சின்னப் பஞ்சு நூல் ஒன்றைக் குறியாகக் கட்டலாம். தக்கை பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது எளிது. தண்ணீரின் ஆழத்தைப்போல் ஒன்றரை மடங்கு தூரத்தில் கட்டுங்கள். பூச்சி அவ்வப்போது அடியைத் தட்ட வேண்டும். பத்து முறை போட்டும் ஒரு தடவைகூடத் தட்டவில்லை என்றால் மீனுக்கு மேலே போய்க்கொண்டிருக்கிறது. தக்கை அமுங்கும் வரை காத்திருக்கும் பழக்கத்தை மட்டும் மறந்துவிடுங்கள். இறகையும் நூலையும் ட்ரவுட் ஒரு நொடியில் துப்பிவிடும். குறி நின்றாலும் சாய்ந்தாலும் உடனே தூக்க வேண்டும். மிதக்கும் பூச்சியில் இதற்கு நேர்மாறு: மீன் மேலே வந்து வாயை மூடித் திரும்பும் வரை அரை நொடி பொறுத்துத் தூக்குங்கள், இல்லையென்றால் வாயிலிருந்து பிடுங்கிவிடுவீர்கள். தூக்குவது என்றால் ராடு நுனியை ஓரடி உயர்த்துவது. கெண்டையைப் பிடுங்குவதுபோல் இழுத்தால் 5-எக்ஸ் அறுந்துவிடும்.

ஓரிடத்தில் ஐந்தாறு தடவை சரியாக மிதந்தும் ஒன்றும் நடக்கவில்லை என்றால் மேலே நகருங்கள். ஓடையில் நடந்து பிடிப்பதுதான் வழக்கம், உட்கார்ந்து பிடிப்பது ஏரியில். அங்கே மீன் இரையைத் தேடி ஓரமாகச் சுற்றும். வூலி பக்கரை வீசி, பத்து எண்ணும் வரை மூழ்கவிட்டு, அரையடி அரையடியாக இழுத்து இடையிடையே நிறுத்துங்கள். கடி பெரும்பாலும் நிறுத்தும்போது விழும்.

மாட்டிய பிறகு

ராட்டை உயர்த்தி வளைவிலேயே வைத்திருங்கள். ஓடினால் விடுங்கள், நின்றால் இழுங்கள். குதித்தால் ராடு நுனியைத் தாழ்த்தித் தொய்வு கொடுங்கள். சின்ன மீனுக்கு ரீலைச் சுற்றத் தேவையில்லை, இடது கையால் லைனை இழுத்தால் போதும். நீண்ட நேரம் விளையாட்டுக் காட்டாமல் சீக்கிரம் வலைக்குள் கொண்டுவாருங்கள்.

விடப்போகிற மீனை உலர்ந்த கையால் தொடக் கூடாது. உடம்பின் வழுவழுப்பு உரிந்தால் பூஞ்சை பிடிக்கும். கையை நனைத்து, மீனைத் தண்ணீருக்குள்ளேயே வைத்து, குறடால் முள்ளைப் பின்னோக்கித் தள்ளினால் கழன்றுவிடும். செவுளுக்குள் விரல் விடாதீர்கள். போட்டோ எடுப்பதென்றால் கேமராவைத் தயாராக வைத்துக்கொண்டு பிறகு தூக்குங்கள். நீங்கள் மூச்சைப் பிடித்திருக்கும் நேரம்தான் அதற்கும். ஓட்டத்தை நோக்கித் தலை இருக்கும்படி பிடித்தால் தானே நீந்திப் போகும். சீட்டு அனுமதித்து, சமைக்க எடுப்பதாக இருந்தால் உடனே தலையில் அடித்துக் கொன்று, குடலையும் செவுளையும் எடுத்துவிடுங்கள். குடலோடு மத்தியானம் வரை பையில் கிடந்தால் வயிற்றுச் சதை குழைந்துவிடும்.

உயிரோடு பிடித்த மீனைப் பக்கெட்டில் எடுத்துப்போய் வேறு ஓடையில் விடுவது பெரிய தப்பு. ட்ரவுட் வெளியூர் மீன். அது இல்லாத ஓடைகளில் நம் மலையின் சொந்த மீன்களும் தவளைகளும் இருக்கின்றன. ட்ரவுட் அவற்றைத் தின்றுவிடும்.

எதற்குப் பயப்பட வேண்டும்

முதலில் தண்ணீர். நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடித்தாலும் மேலே மழை பெய்திருக்கலாம். தெளிந்த தண்ணீரில் திடீரென்று சருகும் குச்சியும் வந்தாலோ நிறம் டீபோல் மாறினாலோ உடனே கரையேறுங்கள், அதுவும் நீங்கள் வண்டி நிறுத்திய பக்கத்துக் கரைக்கு. அணைக்குக் கீழே உள்ள பகுதிகளில் ஷட்டர் திறந்தால் சில நிமிடங்களில் மட்டம் ஏறும். அங்கே ஆற்றின் நடுப்பாறையில் நின்று வீசுவது வேண்டவே வேண்டாம்.

அடுத்தது இடி. இப்போதைய ராடுகள் கார்பனில் செய்தவை, மின்சாரம் பாயும். இடி கேட்டதும் ராட்டைப் படுக்கவைத்துவிட்டு அதைவிட்டு விலகி, திறந்த மேட்டிலிருந்து இறங்குங்கள். எஸ்டேட்டுக்குள் போகும் கரண்ட் கம்பிகளுக்குக் கீழே ராட்டை நிமிர்த்திக்கொண்டு நடக்கவும் கூடாது.

யானையும் காட்டுமாடும் காலையிலும் அந்தியிலும் தண்ணீருக்கு வரும். மீன் கடிக்கும் நேரமும் அதுதான், என்ன செய்வது. தனியாகப் போகாதீர்கள். லயத்தில் இருப்பவர்களிடமோ வாட்சரிடமோ, "அண்ணே, இந்தப் பக்கம் யானை நிக்குதா?" என்று கேட்டுவிட்டு இறங்குங்கள். ராத்திரி எது எந்தப் பக்கம் போனது என்று அவர்களுக்குத்தான் தெரியும். புதிதாக ஆவி பறக்கும் சாணி கண்டால் வந்த வழியே திரும்ப வேண்டியதுதான். அருவிச் சத்தத்தில் பின்னால் வருவது கேட்காது. அட்டைக்கு நீளமான காலுறையும் கொஞ்சம் உப்பும் போதும். ஆனால் உப்பை ஓடையில் கொட்டாதீர்கள்.

வீட்டுக்கு வந்ததும்

நனைந்த பூச்சிகளைப் பெட்டியில் மூடி வைத்தால் ஒரு வாரத்தில் எல்லா முள்ளிலும் துரு ஏறும். பெட்டியைத் திறந்து நிழலில் ஓர் இரவு காயவிடுங்கள். லைனை வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த துணியில், ஒரு சொட்டு மென்மையான சோப்பு விட்டு, இழுத்துத் துடையுங்கள். அழுக்கேறிய லைன் மிதக்காது, வளையங்களில் வழுக்கியும் போகாது. பெட்ரோலும் கொசு விரட்டி எண்ணெயும் லைனின் பூச்சைக் கரைக்கும். கையில் கொசு எண்ணெய் தடவியிருந்தால் உள்ளங்கையைக் கழுவிவிட்டு லைனைத் தொடுங்கள். ராட்டைத் துடைத்து, காய்ந்த பிறகு உறையில் போடுங்கள். வெயிலில் நிறுத்திய காரின் பின்கண்ணாடிக்கு அடியில் லைனையோ ராட்டையோ விட்டுவைக்க வேண்டாம். செருப்பையும் வலையையும் நன்றாகக் கழுவிக் காயவைத்த பிறகே அடுத்த ஓடைக்குக் கொண்டுபோங்கள். ஓர் ஓடையின் நோயும் பாசியும் இன்னொன்றுக்குப் போவது பெரும்பாலும் ஈரச் செருப்பில்தான்.